பிசுக்கு

சாவியைக் கையில் வாங்கிய அன்றே நர்ஸுக்குத் தெரிந்துவிட்டது, அந்த வீட்டில் சமையலறை மட்டும் தேறாது என்று. கூடம் பரவாயில்லை. படுக்கையறையில் வெளிச்சம் இருந்தது. சமையலறையோ ஐந்தடிக்கு எட்டடி. ஒருவர் அடுப்படியில் நின்றால் இன்னொருவர் வயிற்றை எக்கிக்கொண்டுதான் கடக்க வேண்டும். சுவர் நெடுக எண்ணெய்ப் பிசுக்கு, பழுப்பு மெழுகைக் காய்ச்சி ஊற்றியதுபோல் கனத்துக் கிடந்தது. அதில் கரப்பான்பூச்சிகளின் ஒடிந்த கால்கள் ஒட்டியிருந்தன.

"அடிமாட்டு விலைக்குக் கெடைச்ச வீடு. மாளிகையா இருக்கும்?" என்றான் அவள் கணவன். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். எதையும் சிரித்தே கடந்துவிடுவான்.

வேலைக்கு வந்த கொத்தனாரை எல்லோரும் 'மட்டக்கோல்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளும் அப்படித்தான், நெடுநெடுவென்று கோணலில்லாத உடம்பு. அவர் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நியாயமாப் பாத்தா செங்கல் தெரியற வரைக்கும் கொத்திட்டுப் புதுசாப் பூசணும், நர்ஸம்மா. மேடையையும் ஒடைக்கணும்."

"அவ்வளவுக்கு வசதியில்லண்ணே. விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே. பாத்துப் பண்ணுங்க."

ஆக, கல் மேடை அப்படியே இருக்கும். பிசுக்கைச் சுரண்டிவிட்டு மேலேயே டைல்ஸ் ஒட்டுவது. பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ஸ்டீல் தொட்டி. மேடைக்குக் கீழே இருக்கும் தட்டுகளுக்குப் புதுக் கதவுகள். பெயிண்டை அவர்களே அடித்துக்கொள்வது. பேசி முடித்துக் கிளம்பும்போது மட்டக்கோல் வாசற்படியில் நின்றுவிட்டார்.

"இதென்ன, சமையலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் நாதாங்கி?"

"பூனை வராம இருக்கப் போட்டிருப்பாங்க" என்றான் கணவன்.

"பூனைக்கு யாருங்க பூட்டுப் போடுவா?"

மறுநாள் காலை சுரண்டல் தொடங்கியது. தகட்டால் ஒரு இழுப்பு இழுத்தால் பிசுக்கு சுருள் சுருளாக வந்தது. வாளியில் விழும்போது சத்தமே இல்லை. மக்கிய எண்ணெயும் பழைய மீனும் கலந்த வாடை கூடம்வரை வந்தது. நர்ஸ் முகக்கவசம் மாட்டிக்கொண்டு மட்டக்கோலுக்கு ஒத்தாசையாக நின்றாள்.

அடுப்புக்குப் பின்னால் யாரோ ஒரு தகரத்தை ஆணியடித்து வைத்திருந்தார்கள். மட்டக்கோல் அதை நெம்பிப் பிடுங்கினார்.

தகரத்துக்குப் பின்னாலும் பிசுக்குதான். ஆனால் அதில் கோடுகள் இருந்தன. இரண்டு விரல் அகலத்தில், கீழிருந்து மேலாக, வரிசை வரிசையாக. ஒரு குழந்தை பொறுமையாகத் தூரிகை இழுத்ததுபோல. முழங்கால் உயரத்தில் தொடங்கி, ஒரு பெண் குதிகாலை உயர்த்தினால் முகம் எட்டும் உயரத்தில் முடிந்தன. மேல்வரிசைக் கோடுகளின் ஓரத்தில் மட்டும் கறுத்த பொட்டுகள்.

"எலியா இருக்குமோ?" என்றார் மட்டக்கோல்.

நர்ஸ் சுவரருகே குனிந்து பார்த்தாள். பதினொரு வருடம் வார்டில் இருந்தவள். புழு வைத்த புண்ணைக் கழுவிவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறாள். கோட்டின் நடுவே ஓடிய மெல்லிய பள்ளம் என்னவென்று அவளுக்குத் தெரியும். அந்தப் பொட்டுகள் ரத்தம் என்பதும் தெரியும்.

நாக்கு.

யாரோ இந்தச் சுவரை நக்கியிருக்கிறார்கள். நாக்கு கிழிந்த பிறகும் நக்கியிருக்கிறார்கள்.

அவள் கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

திரும்பி வந்தபோது மட்டக்கோல் அந்த இடத்தைச் சுரண்டி முடித்திருந்தார். அவளை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் டைல்ஸ் ஏறியது. மட்டம் தப்பாமல், பளிச்சென்ற வெள்ளை. கதவுகளுக்கு இளம்பச்சை அடித்தார்கள். வேலை முடிந்த அன்று அவர் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

"கதவுல இருந்த நாதாங்கியைக் கழட்டிட்டேம்மா" என்றார். "அது வேணாம்."

மூன்று நாள் எல்லாம் நன்றாக இருந்தது. நர்ஸ் வேலை முடிந்து வந்ததும் காரணமில்லாமல் டைல்ஸைத் தடவிப் பார்ப்பாள்.

நாலாம் நாள், ஊறப் போட்டிருந்த வாணலி காலையில் துப்புரவாக இருந்தது.

"நீங்களா கழுவுனீங்க?"

"நானா? கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு கரண்டி கழுவியிருக்கேனா?" என்று சிரித்தான் கணவன்.

அவள் வாணலியை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை இல்லை. நோயாளிகள் விடியற்காலையில் வாய் திறக்கும்போது வருமே, அந்தப் புளித்த வாடை.

பிறகு அது தினமும் நடந்தது. தாளிக்கும்போது டைல்ஸில் தெறித்த எண்ணெய் காலையில் கோடு கோடாகத் துடைபட்டிருக்கும். எண்ணெய் பாட்டிலின் வாய் ஈரமாக இருக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாள், கொதிநீர் ஊற்றினாள். வாடை போகவில்லை. கணவன் பூனை என்றான். ஜன்னலுக்கு வலை அடித்தான்.

ஒரு நாள் மத்தியானம் அவள் கரண்டியை எடுத்தாள். அதிலிருந்து ஒரு நூல் நீண்டது.

எச்சில்.

இன்னும் சூடாக இருந்தது.

அவள் நேரே வீட்டுக்கு எதிரே மரத்தடியில் நிற்கும் இஸ்திரிக்காரரிடம் போனாள். இருபது வருடமாக அதே மரத்தடியில் வண்டி போட்டிருப்பவர். முன்பு அந்த வீட்டில் இருந்தவர்களைப் பற்றிக் கேட்டதும் அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"சின்ன மருமக ஒருத்தி இருந்தாம்மா. வீட்டுல ஏழு பேர். ஏழு பேருக்கும் பொங்கிப் போடணும், அவளுக்கு மட்டும் கிடையாது. மிச்சத்தை எண்ணி எடுத்து வெச்சுட்டு, அவளை அடுப்படிக்குள்ள விட்டுப் பூட்டிடுவாங்க. ஈர்க்குச்சியா இருப்பா. ஜன்னல் வழியா என்னையப் பாப்பா."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

அவர் வண்டிமேல் கிடந்த சட்டையின் காலரை நீவினார். "குடும்ப விஷயம்னு விட்டுட்டேன். அப்புறம், அவ பொறந்த வீட்டுக்குப் போயிட்டான்னு சொன்னாங்க. போனதை நான் பாக்கல. இங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன், ஆனா பாக்கல."

அன்று மாலை நர்ஸ் ஒரு தட்டு நிறையச் சோறும், மேலே ஒரு முட்டையும், பொரித்த மீன் துண்டும் வைத்து, மேடையின் கோடியில் வைத்தாள்.

"பேய்க்கு விருந்தா?" என்றான் கணவன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

காலையில் தட்டு பளபளத்தது. தொட்டியில் இருந்த வாணலியை யாரும் தொடவில்லை.

தினமும் தட்டு வைத்தாள். காலையில் கையுறை போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வழவழப்பாயிருக்கும் அந்தத் தட்டைக் கழுவுவாள். அருவருப்பு தீரவில்லை. ஆனாலும் வைத்தாள். வாடை குறைந்தது. எண்ணெய் தெறித்த இடம் தெறித்தபடியே இருந்தது. மூன்று வாரம் கழித்து கணவனே ஒருநாள், "தட்டு வெச்சாச்சா?" என்று கேட்டான்.

அதற்கு மறுநாள் காலையில் தட்டில் மிச்சம் இருந்தது.

மீனை முள் பார்த்து எடுத்து, சோற்றோடு பிசைந்து, ஒரே ஒரு உருண்டையாக உருட்டித் தட்டின் ஓரத்தில் வைத்திருந்தது. முட்கள் சூப்பப்பட்டு மறுபக்கம் ஒதுங்கிக் கிடந்தன. உருண்டை ஈரமாகப் பளபளத்தது. அதன்மேல் விரல்கள் அழுத்திய தடம்.

"பசி தீர்ந்துடுச்சு போல" என்றான் கணவன்.

நர்ஸுக்கு அப்படித் தோன்றவில்லை. அது மிச்சமில்லை. பங்கு.

 உருண்டையைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

மறுநாள் அதே உருண்டை தட்டில் இருந்தது. காபித்தூளும் தலைமுடியும் ஒட்டியிருந்தன; அவற்றை யாரோ ஒவ்வொன்றாகப் பொறுக்க முயன்றதுபோல் ஒரு பக்கம் மட்டும் சுத்தமாக இருந்தது.

அவள் அதைத் தெருமுனைக் குப்பைத்தொட்டிவரை கொண்டுபோய் எறிந்தாள். அன்று தட்டு வைக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறையைப் பார்த்து, "எனக்கு வேணாம்" என்றாள் சத்தமாக. "புரியுதா? எனக்கு வேணாம்."

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இளம்பச்சைக் கதவு ஒன்று மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அன்றிரவு அவளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. காலை எட்டு மணிக்கு வீடு திரும்பினாள். கணவன் வேனை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அவள் எதுவும் சாப்பிடவில்லை. பல் விளக்கிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தாள். வெயில் ஜன்னல் வழியே கால்மாட்டில் விழுந்தது. தெருவில் பழைய பேப்பர்காரரின் குரல் தேய்ந்து போனது. அப்படியே கண் அயர்ந்தாள்.

தூக்கத்தில் யாரோ தன் தலையை மடியில் வைத்துக்கொண்டதுபோல் இருந்தது. எலும்பும் தோலுமான மடி. கன்னத்தைப் பிடித்து வாயைத் திறக்கும் விரல்கள், குழந்தைக்கு ஊட்டுகிறவளின் பொறுமையான விரல்கள். காதுக்குள் ஒரு கிழிந்த நாக்கு எதையோ சொல்ல முயன்றது.

"...ஆப்பிடு..."

விழித்தாள். மணி பன்னிரண்டு. வீட்டில் யாருமில்லை.

உதடுகள் பிசுபிசுத்தன. முகவாயில் எண்ணெய் வழிந்து காய்ந்திருந்தது. நாக்கின் மேல் ஏதோ கனமாக, மெத்தென்று, வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளங்கையில் துப்பினாள். சோறும் மீனும். கூழாக மென்றிருந்தது.

அவள் மெல்லவில்லை.

கையில் இருந்தது பாதி உருண்டைதான்.