உடையாத வண்ண உருண்டை

ஜெய்ப்பூரில் நஜ்மாவின் அப்பா அரக்கு வளையல் செய்பவர். ஹோலி நெருங்கினால் மட்டும் வளையலை ஓரம்கட்டிவிட்டு வண்ண உருண்டை செய்ய உட்காருவார். உருக்கிய அரக்கைக் குழலில் வைத்து ஊத வேண்டும். முட்டை ஓட்டைவிட மெல்லிசாக உப்பியதும் உள்ளே வண்ணப்பொடியை நிரப்புவார். யார்மேல் எறிந்தாலும் பொடிதான் சிதறும், வலிக்காது.

முதல் உருண்டையை அப்பாவின் வழுக்கைத் தலையில்தான் நஜ்மா உடைப்பாள். அது அந்த வீட்டு வழக்கம். இந்த வருடம் அப்பாவுக்குக் கடுமையான சளி. பிறகு தலைக்குக் குளிக்க வேண்டுமே என்று பயந்து தப்பித்துக்கொண்டார். உருண்டைகள் தெரு முழுக்க விற்றுப்போயின.

ஹோலிக்கு முந்தின நாள் காலை, மிச்சமிருந்த ஓர் உருண்டையை நஜ்மா சுவரில் எறிந்து பார்த்தாள். ‘டங்’கென்று மோதிக் கீழே உருண்டதே தவிர, உடையவில்லை.

அப்பா நம்பவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையை நீட்டினார். நஜ்மா மெதுவாகத்தான் போட்டாள். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு புடைப்பு.

“சளியில எனக்கு மூச்சே பத்தல கண்ணு. அதான் ஓடு தடிச்சுப்போச்சு” என்றார்.

“நாளைக்கு இதை மூஞ்சியில எறிவாங்களேப்பா. கண்ணுல பட்டா?”

அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. விற்றதைத் திரும்பக் கேட்டால் கடைப் பெயர் கெட்டுவிடும், அடுத்த ஹோலிக்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்று பயந்தார்.

“இது யாருக்கும் தெரியாதுல்ல?” என்றார் மெதுவாக.

“உங்க தலைக்குத் தெரியுமேப்பா.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் புதிதாக ஊத மூச்சுக்கு எங்கே போவது? நஜ்மா கொஞ்சம் யோசித்தாள்.

“பொடியைப் பொட்டலம் கட்டிக் குடுத்துடலாம். அரக்கு ஓட்டை உருக்கி வளையல் பண்ணிடலாம். அதுக்கு ஊத வேண்டாமே.”

இருவரும் வீடு வீடாகப் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் அப்பா தொப்பியைக் கழற்றிப் புடைப்பைக் காட்டினார். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக் கிஷன் மட்டும் முரண்டு பிடித்தான். மாமாமேல் எறிய அவன் ஆசையாக வைத்திருந்த உருண்டை அது.

“நான் வளையல் போட்டுக்கவா?” என்று முறைத்தான்.

“அக்காவுக்குக் குடு. நாளைக்கு உன்மேல சாயத்தண்ணி ஊத்த மாட்டாங்க” என்றாள் நஜ்மா.

அது நல்ல யோசனையாகப் பட்டது. கொடுத்துவிட்டான்.

மறுநாள் தெருவில் பெண்கள் எல்லார் கையிலும் புது வளையல். ஒருவருக்கும் அடிபடவில்லை. கிஷனின் அக்கா வளையல் குலுங்கக் குலுங்கத்தான் அவன்மேல் ஒரு வாளி சாயத்தண்ணீரை ஊற்றினாள்.

அடுத்த ஹோலிக்கு அப்பா பயந்தது நடக்கவில்லை. கடை முன்னால் தெருவே கூடிவிட்டது. வாங்குவதற்கு முன்னால் முதல் உருண்டை உடைவதைப் பார்க்க வேண்டுமாம். அப்பா தொப்பியைக் கழற்றினார். நஜ்மா குறிபார்த்து எறிந்தாள்.

வழுக்கை முழுக்க ரோஜா நிறம். புடைப்பைக் காணோம்.