சீர்த் துப்பாக்கி

முகூர்த்தப் புடவை எடுத்த கையோடு, மணமகளுக்குரிய கைத்துப்பாக்கியையும் எடுத்துவிடுவது செவ்வாயில் குடியேறிய தமிழரின் வழக்கம். ஆகவே, செங்கூடல் நகரின் கடைத்தெருவில், புடவைப் பைகளுடன் மூன்று பெண்கள் துப்பாக்கி மாளிகை ஒன்றினுள் நுழைந்ததை எவரும் வியப்புடன் நோக்கவில்லை. முன்னே நடந்தவள் இரஞ்சிதம். அவளைத் தொடர்ந்தவள், அடுத்த வாரம் மணமேடை ஏறவிருந்த அவளுடைய மகள் நறுமுகை. பைகளையெல்லாம் சுமந்துகொண்டு கடைசியாக வந்தவள் மருமகள் செங்கமலம். வீட்டு ஆண்கள் துருவப் பனிச்சுரங்கத்தில் வேலையாயிருந்தமையால், தெரிவு முழுவதும் இரஞ்சிதத்தின் தலையில் விழுந்திருந்தது.

இவ்வழக்கம் தோன்றிய வரலாறு இனிமையானதன்று. செங்கூடல் நிலத்தடி நகரம். அங்கே ஒவ்வோர் அறைக்கும் உயிர்வளி தனித்தனிக் குழாயின் வழியே வந்து சேரும். குடியேற்றத்தின் தொடக்கக் காலத்தில் அக்குழாய்கள் அடிக்கடி பழுதடைந்தன. விந்தை என்னவெனில், அவை புதிதாக வந்த மருமகள்களின் அறைகளில் மட்டுமே பழுதடைந்தன. கொண்டுவந்த சீர் போதாது என்ற பேச்சு எழுந்த வீடுகளில்தான் பெரும்பாலும் பழுதடைந்தன. ஒவ்வொரு முறையும் ‘வளிக்குழாய் விபத்து’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். இரஞ்சிதத்தின் அக்காள் பவளக்கொடியும் அப்படித்தான் மூடப்பட்டாள்.

பெண்கள் கொதித்தெழுந்தார்கள். போராடி, மணமகள் தற்காப்புச் சட்டத்தைப் பெற்றார்கள். தனக்கென ஒரு கைத்துப்பாக்கி இல்லாமல் எந்தப் பெண்ணும் புகுந்த வீட்டில் அடியெடுத்து வைக்கலாகாது என்றது சட்டம். ஆனால் ஒரு தலைமுறை கழிவதற்குள் அத்துப்பாக்கி சீர்வரிசைத் தட்டில் ஏறி, பழங்களுக்கும் முகம்பார்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் அமர்ந்துவிட்டது.

“வாங்கக்கா, வாங்க! கல்யாணப் பொண்ணு யாருன்னு கேக்கவே வேணாம். முகத்துலயே களை சொட்டுதே!” என்று வரவேற்ற விற்பனைப் பொறியன் என்னும் எந்திர மனிதன், செங்கமலத்தின் முன்னால் போய்க் கைகூப்பியது.

“நான் இல்லப்பா. எனக்கு ஆயிடுச்சு. இப்ப சொட்டுறது வேர்வை” என்றாள் செங்கமலம், பைகளைக் கீழே இறக்கியவாறே. நறுமுகை விழுந்து விழுந்து சிரித்தாள்.

பொறியன் சற்றும் நாணமின்றித் திரும்பி, பட்டு விரிப்பின்மேல் மூன்று துப்பாக்கிகளை நகைகளைப்போல் அடுக்கியது. துப்பாக்கிகளைக் குழலின் விட்டத்தால் வகைப்படுத்துவர். கடைத்தெருவில் அதனைக் காலிபர் என்பார்கள். அதுவும் நீளமென்று வெறும் எண்ணையே சொல்வார்கள்; இருபத்திரண்டும் நாற்பத்தைந்தும் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்குக் கணக்கு, ஒன்பது மில்லிமீட்டர்க் கணக்கு.

“இது இருபத்திரண்டு. சின்னக் குண்டு, உதைக்கவே உதைக்காது, பழகறதுக்கு நல்லது. இது ஒன்பது. நடுத்தரம், பாதுகாப்புக்குப் போதும். இது நாற்பத்தஞ்சு.” அது குரலைத் தாழ்த்திக்கொண்டது. “இதைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டுல வச்சா மண்டபமே திரும்பிப் பாக்கும்.”

“மாப்பிள்ளை குறட்டை விட்டா இருபத்திரண்டே போதும் நறுமுகை” என்றாள் செங்கமலம்.

“அண்ணி, உங்க வீட்டு அனுபவமா?”

“உங்க அண்ணனுக்குப் பீரங்கிதான் வேணும்.”

இரஞ்சிதம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மகளைக் கடையின் பின்புறமிருந்த பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் சென்றாள். அங்கே பயன்பட்டவை சுவரில் பட்டதும் பொடியாகும் குண்டுகள். நகரின் சுவர் துளைபட்டால் அனைவருக்கும் மூச்சுப் போய்விடும் அல்லவா? செவ்வாயின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் பாதிகூட இல்லை. அங்கு உடல் இலேசாகிறது. துப்பாக்கியின் உதைப்போ சிறிதும் குறைவதில்லை. நாற்பத்தைந்தைச் சுட்ட நறுமுகை கால்கள் தரையை விட்டு எழ, பின்னிருந்த பஞ்சுச் சுவரில் போய் மோதி விழுந்தாள். குண்டு கூரையில் பட்டுப் பொடியானது. ஒன்பதைச் சுட்டபோது ஓரடி பின்வாங்கினாள். ஆயினும் குறி தப்பவில்லை.

அந்நேரம் இரஞ்சிதத்தின் மணிக்கட்டுத் திரையில் சம்பந்தி காந்திமதியின் முகம் ஒளிர்ந்தது.

“கடையில இருக்கீங்களாமே சம்பந்தி! நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம். உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறீங்க. எங்க பெரிய மருமக நாற்பத்தஞ்சு கொண்டுவந்தா. நாளைக்கு நாலு பேர் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. நறுமுகை மனசு சங்கடப்படக் கூடாதில்ல? அதுக்குத்தான் சொல்றேன். வேற ஒண்ணுமில்ல.”

திரை அணைந்தது. நறுமுகை முழங்கையைத் தடவிக்கொண்டே தாயின் அருகில் வந்தாள்.

“நாற்பத்தஞ்சே எடுத்துடலாம்மா. முதல் நாளே பேச்சு கேக்கணுமா?”

“ஒரு தடவை சுட்டதுக்கே சுவத்துல ஒட்டிக்கிட்டே. ரெண்டாவது தடவை சுட எவன்டி உனக்கு நேரம் குடுப்பான்?”

“யாரைச் சுடப்போறேன்? அவங்க நல்லவங்கம்மா.”

“உங்க பெரியம்மாவும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனா.”

பவளக்கொடியின் பேச்சு எழுந்தால் அவ்வீட்டில் மறுபேச்சு எழாது. நறுமுகை ஒன்பதை மீண்டும் கையில் எடுத்தாள்.

“அப்போ பழகறதுக்கு இருபத்திரண்டு, தட்டுக்கு ஒன்பது. ரெண்டையும் கட்டிடட்டுமா அக்கா?” என்று பொறியன் இடையில் புகுந்தது.

“பழகறது ஒண்ணு, வச்சிருக்கறது ஒண்ணுன்னா, ஆபத்து நேரத்துல கை எதை நம்பும்? ஒன்பது ஒண்ணு போதும். அதுலயே பழகட்டும். பயிற்சிக் குண்டு மட்டும் நிறையப் போடு.”

இவ்வாறு, சம்பந்தியின் முகச்சுளிப்பு, உற்றார் முணுமுணுப்பு ஆகிய அனைத்தையும் எதிர்நோக்கியே இரஞ்சிதம் ஒன்பதை வாங்கினாள். திருமணம்வரை நாள்தோறும் மகளைக் கூடத்துக்கு இழுத்துச் சென்றாள். நறுமுகையின் பாதங்கள் தரையில் வேரூன்றக் கற்றன. தன் அக்காளுக்குக் கிட்டாத காவல் தன் மகளுக்குக் கிட்டிவிட்டது என்று எண்ணிய தாய், நெடுங்காலத்துக்குப் பின் நிம்மதியாக உறங்கினாள்.

திருமணம் குறைவின்றி நடந்தேறியது. தட்டில் ஒன்பதைக் கண்ட உறவினர் சிலர் உதட்டைப் பிதுக்கினர். காந்திமதியோ, இரஞ்சிதம் அஞ்சியதற்கு மாறாக, ஒரு குறையும் சொல்லவில்லை. மணமகள் புகுந்த வீட்டில் விளக்கேற்றி முடித்ததும், அவளைப் பரிவோடு தம் அருகில் அமர்த்திக்கொண்டார்.

“கழுத்துல, கையில கிடக்கறதையெல்லாம் கழட்டிக் குடும்மா. உறுத்தும். நான் பத்திரமா வச்சுடறேன்.”

ஆரமும் வளையல்களும் தட்டில் குவிந்தன. அவற்றின்மேல் காந்திமதி துப்பாக்கியையும் எடுத்து வைத்தார். சுவரிலிருந்த பெட்டகம், உரியவரின் உள்ளங்கை பட்டாலன்றித் திறவாத வகையைச் சேர்ந்தது. அவர் கை பட்டதும் அது திறந்துகொண்டது.

இரஞ்சிதம் பதறி எழுந்தாள். “சம்பந்தி, அது அவ கையில இருக்கணும். சட்டம் இருக்குல்ல?”

“வீட்டுக்குள்ள கொண்டுவரணும்னுதானே சட்டம்? கொண்டுவந்தாச்சே! சின்னப் பொண்ணு கையில எதுக்கு இதெல்லாம்? தொலைச்சுட்டா?” காந்திமதியின் குரலில் வஞ்சகம் துளியும் இல்லை. “ஏன், உங்க வீட்ல மருமகளோடதை எங்க வச்சிருக்கீங்க?”

“என் பெட்டகத்துலதான். பத்திரமா…”

சொல் நாவைக் கடந்த பின்னரே அதன் பொருள் இரஞ்சிதத்துக்கு உறைத்தது. கூடியிருந்தோர் அனைவரும், நல்ல குடும்பத்தின் நல்ல வழக்கம் என்பதுபோல் தலையசைத்தனர். பெட்டகம் மூடிக்கொண்டது. நறுமுகை தாயை நோக்கினாள். தாய் தரையை நோக்கினாள். வழியனுப்ப வந்த மகளைக் கட்டித் தழுவியபோது, கூரையில் வளிக்குழாய் சீராக மூச்சுவிடும் ஓசை மட்டுமே இரஞ்சிதத்தின் காதில் விழுந்தது.

திரும்பும் சுரங்க வண்டியில் மாமியாரும் மருமகளும் அருகருகே அமர்ந்திருந்தனர்.

“அழாதீங்க அத்தை” என்றாள் செங்கமலம். பிறகு சற்றுத் தயங்கி, “வீட்டுக்குப் போனதும் என்னோடதை எடுத்துத் தர்றீங்களா?” என்று கேட்டாள்.

இரஞ்சிதம் கண்களைத் துடைத்துக்கொண்டாள். தந்துவிடவேண்டும் என்று அவளும் அக்கணம்வரை நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் தானாகத் தருவது வேறு. மருமகள் கேட்பது வேறு அல்லவா?

“இப்ப எதுக்கும்மா அது? உன்னை நான் மக மாதிரிதானே வச்சிருக்கேன்?”

“ஆமா அத்தை.”

“நம்ம வீட்ல யாரைப் பாத்து உனக்குப் பயம்?”

“பயமெல்லாம் இல்ல அத்தை. சும்மா, பழகிப் பாக்கத்தான்.”

இவள் யாரை நினைத்துக் குறிபார்ப்பாள்? அவ்வெண்ணம் எங்கிருந்து முளைத்தது என்று இரஞ்சிதத்துக்கே விளங்கவில்லை. இருட்டு விரைந்தோடிய சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டகத்தைத் திறக்கும் தன் வலது உள்ளங்கையை, மருமகளின் கண்ணில் படாதவாறு மெல்ல மூடிக்கொண்டாள்.