பதினெட்டாம் மாதத்துப் புட்டி

“எங்க அத்தானை நாலு பேர் முன்னாடி நிக்க வச்சு மானத்தை வாங்கணும்” என்றாள் வந்தவள், நாற்காலியில் உட்காரும் முன்பே.

எதிரே இருந்த அம்மாளுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். மருந்து ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது துப்பறிகிறார். “முதல்ல தண்ணி குடி. மானத்தை அப்புறம் வாங்கலாம்” என்றார். அவருடைய உதவியாளனான கொழுந்தன் அதற்குள் பேனா மூடியைத் திறந்துவிட்டான்.

விஷயம் இதுதான். குழந்தைகளின் வலிப்புக்கான சிரப்பு அது. புட்டிகளைச் சூடும் ஈரமுமான அறையில் வைத்து, தவணைக்குத் தவணை எடுத்து, வீரியம் எப்படிக் குறைகிறதென்று பார்ப்பார்கள். மெல்ல இறங்கி வந்த வீரியம் பன்னிரண்டாம் மாதம் தடாலென்று சரிந்தது. அனுமதித்த எல்லைக்குள்தான் இருந்தது, ஆனால் போக்கு சரியில்லை. அந்தப் புட்டியைச் சோதித்து அதைச் சொன்ன பாவத்துக்கு, ஆய்வகத் தலைவரான அக்கா புருஷன் “கைப்பிழை” என்று இவளை வேலையை விட்டே துரத்தினார். பதினெட்டாம் மாதம் புதிதாக வந்த பெண் சோதித்தபோது வீரியம் சமர்த்தாகப் பழைய போக்குக்கே வந்திருந்தது. இவள் பெயர் அடியோடு கெட்டது. வேறெந்த ஆய்வகமும் இவளை வாசற்படி ஏற்றவில்லை.

“அப்ப இவங்க தப்பாப் பார்த்திருக்கலாமே அண்ணி?” என்றான் கொழுந்தன்.

அவள் அவனை எரித்துவிடுவது போலப் பார்த்தாள்.

“இருக்கலாம்” என்றார் சல்லடை. “இல்லன்னா பதினெட்டாம் மாசத்துப் புட்டியே பொய்யா இருக்கலாம். இறங்கின வீரியம் தானா ஏறாது.”

ஆய்வாளராகச் சல்லடை நடத்திய பழைய சோதனைகளை மறக்காத மருந்துக் கம்பெனி முதலாளி, மறுநாள் மறுபேச்சின்றிக் கதவைத் திறந்துவிட்டார். மிஞ்சியிருந்த புட்டிகளைச் சல்லடை திறந்தார். பன்னிரண்டாம் மாதத்து மூடியின் உட்புறம் சிரப்பின் சிவப்பு ஊறிக் கிடந்தது. பதினெட்டாம் மாதத்து மூடி வெள்ளைவெளேரென்று இருந்தது.

“பதினெட்டாம் மாசம் எடுக்கப் போனப்ப இதெல்லாம் நிமிர்ந்து நின்னுச்சும்மா. துடைக்கிறப்ப யாரோ மாத்தி வச்சிட்டாங்கன்னு நெனச்சேன்” என்றார் அறைப் பொறுப்பாளர்.

அறைக்குச் சாவி வைத்திருந்தவர்கள் மூன்றே பேர். மூவரையும் முதலாளி முன்னிலையில் கூட்டி, ஆளுக்கொரு தட்டும் சில புட்டிகளும் கொடுத்தார் சல்லடை. “அந்த அறையில வைக்கிற மாதிரி அடுக்குங்க.”

பொறுப்பாளரும் புதுப் பெண்ணும் யோசிக்காமல் புட்டிகளைத் தலைகீழாக வைத்தார்கள். அத்தான் நேராக நிறுத்தி, வரிசையும் சரி பார்த்தார். பக்கத்துத் தட்டுகளைப் பார்த்த பிறகுதான் அவர் கை நின்றது.

“சிரப்பு மூடியைத் தொட்டுக்கிட்டே இருந்தாத்தான் மூடியால கெடுதான்னு தெரியும். அதனால கவுத்துத்தான் வைப்பாங்க. நீங்க மாத்திரைப் பிரிவுலேர்ந்து நேரா ஏசி ரூமுக்கு வந்தவர்; ஒரு புட்டிகூட அடுக்கினதில்ல. மூடி மருந்தைக் கெடுக்கிறதை மறைக்க, புதுச் சரக்குல பழைய தேதிச் சீட்டை ஒட்டி, நேரா நிறுத்திட்டீங்க. இந்த மூடியைத் தேர்ந்தெடுத்தது யாரு?”

“அவர்தான்” என்றார் முதலாளி, குரல் இறங்கி. “சரி, ராஜினாமா பண்ணிட்டுப் போகட்டும். வெளிய தெரிய வேண்டாம்.”

“தெரியணும்” என்றாள் சல்லடையோடு வந்திருந்த, வேலை இழந்தவள். “குழந்தைங்க குடிக்கிற மருந்து சார்.”

“உங்க அக்காவை நெனச்சுப் பாரும்மா” என்று கெஞ்சினார் அத்தான். அவர் நெற்றி வியர்ப்பதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குச் சல்லடையே போன் செய்தார். மாலைக்குள் கடைகளிலிருந்து சிரப்பைத் திரும்பப் பெற உத்தரவு வந்தது. அத்தானை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள்.

கம்பெனி வாசலில் அக்கா நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. “என் குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்திட்டியே. இப்ப திருப்தியாடி?”

“திருப்திதான்க்கா. வேலை போன அன்னைக்கு அழுதுகிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். ‘அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்’னு கதவைச் சாத்தினியே, அதுக்கும் சேர்த்துத்தான்.”