நாலு தட்டும் ஒரே நேரத்தில்

சுவர் சுட்டது. ஒயர்மேன் புறங்கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போலிருந்தது. பிற்பகல் மூன்று மணி. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் துணிகள் கொடியில் ஆடின, மூலையில் ஃப்ரிட்ஜ் வழக்கம்போல முனகியது, அக்கா மேடையோரம் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பயப்பட ஒரு காரணமும் இல்லாத சமையலறை.

“நேத்துலேர்ந்து அடுப்பு பக்கமே போகலடா. சும்மாவே சுடுது. உங்க மாமாகிட்ட சொன்னா, உனக்குத்தான் தலை சூடுங்கறார்.”

“நான் போட்ட ஒயருக்கா. யானையையே கட்டலாம்.”

அது பொய்யில்லை. அம்மா போனபின் அவனுக்குச் சோறூட்டி, அடித்து, படிக்க வைத்து ஆளாக்கியவள் இந்த அக்கா. அவள் வீட்டில் அவன் கை கோணவில்லை. கரண்ட் அடுப்பின் முதுகுத் தகட்டில் பன்னிரண்டு கிலோவாட் என்று போட்டிருந்தது. மேலே நாலு இரும்புத் தட்டு, கீழே ஓவன், அத்தனைக்கும் சேர்த்த கணக்கு. ஆனால் எந்த வீட்டிலும் அத்தனையும் ஒன்றாக எரிவதில்லை, எட்டு என்று வைத்துக்கொண்டால் போதும் என்று விதிப்புத்தகமே சலுகை தருகிறது. எட்டுக்கு முப்பத்தைந்து ஆம்ஸ். ஆகவே, அளவு மீறினால் தானே விழுந்து கரண்டை வெட்டும் நாற்பது ஆம்ஸ் பிரேக்கர், அந்த நாற்பதைத் தாங்கும் தடிமனில் ஒயர். பிரேக்கர் காவல் காப்பது அடுப்பையல்ல, சுவருக்குள் கிடக்கும் ஒயரை. இது தொழிலில் அரிச்சுவடி.

இதற்குமுன் இன்னொரு வீட்டில் அடுப்புக்கு ஒயர் இழுத்தபோதும் அவனுக்கு இது தெரிந்தே இருந்தது. கையில் மிச்சம் கிடந்த மெல்லிய ஒயரைச் சுவருக்குள் இழுத்து, அதற்கேற்ற இருபது ஆம்ஸ் பிரேக்கரை மாட்டிவிட்டு வந்தான். ரெண்டு தட்டு எரிந்தாலே பிரேக்கர் விழுந்தது. “ஒயர்மேன் அண்ணே, மறுபடி விழுந்துடுச்சு,” என்று அந்த வீட்டுப் பெண் வாரத்துக்கு மூன்று முறை போன் செய்தாள். சுவரை உடைத்து ஒயரை மாற்ற அவனுக்குச் சோம்பல். இருபதைக் கழற்றிவிட்டு நாற்பதை மாட்டினான். அப்புறம் விழவில்லை.

“ஒயர் தாங்குமாண்ணே?” என்று அவள் கேட்டாள்.

“நாலு தட்டையும் ஒரே நேரத்துல யாரும்மா போடுவாங்க?” என்று சிரித்தான்.

விருந்தாளிகள் வந்த அன்று அவள் போட்டாள். சுவருக்குள் பிடித்த தீ மேற்கூரைப் பலகை வரை ஏறி, பலகை சரிந்து அவள் முதுகில் விழ, அவள் அடுப்பின்மேல் குப்புறச் சாய்ந்து அங்கேயே செத்தாள். தட்டுகளோடு ஒட்டிப்போன உள்ளங்கைகளைக் கரண்டியால் நெம்பித்தான் எடுத்தார்களாம். விசாரிக்க வந்தவர்களிடம், அவள்தான் எல்லாவற்றையும் போட்டுவிட்டாள் என்று அவன் சொன்னான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அடுப்பு மட்டும் சேதமில்லாமல் இருந்தது. கண்ணில் படாமல் கொண்டுபோ என்றான் அவள் கணவன். ரெண்டு நாள் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தான். எங்கே வாங்கினாய் என்று அவள் கேட்கவில்லை. “தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாப்பாங்களா?” என்று சிரித்து அவன் தலையைக் கலைத்தாள்.

டக்.

அடுப்பின் முன்பக்கத் திருகு ஒன்று திரும்பியிருந்தது.

“நீயாக்கா போட்ட?”

அக்கா வெங்காயத்திலிருந்து நிமிரவில்லை. டக். ரெண்டாவது. வெங்காய வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை எழுந்தது, தீய்ந்த மயிரும் உருகிய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை, அவன் ரெண்டு நாள் தேய்த்தும் நகக்கண்ணிலிருந்து போகாத அதே வாசனை. டக். டக். கடைசியாக, கீழே ஓவனின் திருகு மெதுவாகச் சுற்றி முழு அளவில் நின்றது.

அவன் கூடத்துக்கு ஓடினான். பிரேக்கரைக் கீழே தள்ளினான். திரும்பி வந்தான்.

தட்டுகள் சிவந்துகொண்டிருந்தன.

அடுப்பை இழுத்தான். பின்னால் கை விட்டான். கட்டிங் பிளேயரால் ஒயரை நறுக்கினான். நறுக்கிய முனை கையில் கிடந்தது. டெஸ்டர் வைத்தான். கரண்ட் இல்லை. துளியும் இல்லை.

தட்டுகள் இன்னும் சிவந்தன.

“அக்கா, வெளிய போ. வாசலுக்குப் போ!”

அக்கா கத்தியை வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். அடுப்பின் முன் வந்து நின்று, முன் தட்டுகள் ரெண்டிலும் உள்ளங்கைகளை வைத்தாள்.

சீறியது. புகை எழுந்தது. அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

அவன் அலறிக்கொண்டு அவள் மணிக்கட்டுகளைப் பிடித்து இழுத்தான். தோல் வந்தது. கை வரவில்லை.

“விழவே இல்ல பாருங்க, ஒயர்மேன் அண்ணே,” என்றாள் அக்கா.

அண்ணே. பிறந்ததிலிருந்து அவனை டா போட்டவள்.

“அவளை விட்டுடு,” என்று அழுதான். “நான் செஞ்சது. அவ ஒண்ணும் பண்ணல. உன் கால்ல விழறேன் தாயி, எங்கக்காவை விட்டுடு.”

“பின்னாடி ரெண்டு காலியா இருக்குண்ணே. நீங்க வைங்க. நான் எடுத்துடறேன்.”

அக்காவின் விரல்கள் கருத்துக்கொண்டிருந்தன. யோசிக்க நேரமில்லை. சோறூட்டிய விரல்கள்.

அவன் வைத்தான்.

வலி தோள் வரை ஏறி வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. எடுக்கப் பார்த்தான். ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்தான். அவள் எடுக்கவில்லை.

அவள் கண்களில் எதுவோ விலகியது. தூங்கி எழுந்தவள் போல அவனைப் பார்த்தாள், பிறகு குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.

“தம்பி,” என்றாள். அவளுடைய குரல்தான். “என்னடா இது? ஏன்டா என் கை வரமாட்டேங்குது?”

நாலு தட்டிலும் நாலு கை. கூடத்தில் பிரேக்கர் கீழே விழுந்தபடியே இருந்தது.