பத்து மணிக்கு யாருடைய மூளை?

காலை பதினொன்றேகால்.

மாடிப்படிக்குக் கீழே அண்ணன்காரர் செத்துக் கிடந்தார். பின்மண்டையில் ஒரே அடி. பக்கத்தில் சுத்தியல். தற்கொலை என்று எழுதி ஃபைலை மூட எந்தப் போலீஸ்காரருக்கும் மனசு வராது!

வீட்டு வழக்கில் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரே ஆள்... உடன்பிறந்த தம்பி.

பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் தம்பியைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

மூன்றாவது மாடி. வலிப்பு நோயாளிகளின் தலையில் இருபத்தைந்து ஒயர்களை ஒட்டி, மூளையின் அலைகளையும் கேமராவில் ஆளையும் நாள்கணக்கில் பதிவு செய்கிற பிரிவு. தம்பி அங்கே ஆறு நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான். உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவனுடைய அபிப்பிராயம். அதனால் பட்டப்பெயர் 'புரொபசர்'.

செய்தியைக் கேட்டதும் புரொபசர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கண்ணீர் வருவதற்கு முன்பே!

"எப்போ சார் நடந்தது?"

"பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல. அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்து ரூம்ல படுத்திருந்தேன்."

"யார் பார்த்தா?"

"ஆறு பேர்! மூஞ்சிய இல்ல சார்... என் மூளையவே பார்த்தாங்க! இன்னிக்கு நான்தான் மாதிரி நோயாளி. தலையில ஒயர ஒட்டிக்கிட்டுப் படுத்துட்டேன். யாரும் உள்ள வராதீங்க, திரையில பார்த்து எழுதுங்கன்னு சொல்லிட்டேன். பதிவு இருக்கு, போட்டுக் காட்டறேன்."

போட்டான்.

கழுத்துவரை போர்வை. தலை முழுக்கக் கட்டு. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த ஓர் உருவம். பக்கத்தில் வரிவரியாக அலைகள்.

மூலையில் ஒரு கை உயர்ந்தது. கேள்வி கேட்டே புரொபசரின் உயிரை வாங்கும் சிஸ்டர். வகுப்பில் அவளுக்குப் பெயர் 'சந்தேகம்'.

"சார்... பத்து இருபதுல இடது பக்கம் ஊசி மாதிரி ஒரு அலை எழும்புதே? அது பெரும்பாலும் வலிப்பு இருக்கறவங்களுக்குத்தான் வரும்னு நேத்து சொன்னீங்க..."

"அது... பல்லைக் கடிச்சேன்!"

"பல்லைக் கடிச்சா வேற மாதிரி இருக்கும்னும் நீங்கதானே சார் சொன்னீங்க?"

இவளுக்கு இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாம் என்று புரொபசர் முதல்முறையாக வருத்தப்பட்டான்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"உங்களுக்கு வலிப்பு இருக்கா?"

இருக்கு என்றால் வேலை போகும். இல்லை என்றால் படுத்திருந்தது யார்?

"இருக்கு சார்! பத்து வருஷமா! வெளிய சொல்லாம மறைச்சிட்டேன்!"

"அடப்பாவமே... என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"அது... வெள்ளையா இருக்கும் சார்!"

"அப்ப படுத்திருக்கறது நீங்கதான்?"

"நானேதான்!"

"சரி, மேல ஓட்டுங்க."

பத்து நாற்பத்திரண்டு. திரையில் அத்தனை கோடுகளும் ஒரேயடியாகச் சீறின. கட்டிலில் உருவம் விறைத்து... வெட்டி வெட்டி இழுத்தது!

புரொபசரின் வாய் திறந்தது. மூடவில்லை. இந்தக் காட்சி அவனுக்கே புதுசு!

"நாங்க அஞ்சு பேரும் கை தட்டினோம் சார்," என்றாள் ஒரு நர்ஸ், தலையைக் குனிந்துகொண்டு. "பிரமாதமா நடிக்கறீங்கன்னு நெனச்சோம்..."

திரையில் கதவு திறந்தது. சந்தேகம் ஓடி வந்தாள். உருவத்தை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். முகம் கேமரா பக்கம் திரும்பியது.

இரண்டாம் படுக்கை நோயாளி! ஸ்கேனுக்குப் போயிருக்கிறார் என்று புரொபசர் தன் கையாலேயே குறித்து வைத்திருந்த பஸ் கண்டக்டர்!

"ஸ்பெஷல் டெஸ்ட்டுன்னு சொல்லி வீல்சேர்ல கூட்டிட்டு வந்தீங்களாம். அவர் தலையிலதான் ஏற்கெனவே ஒயர் இருக்கே... பிளக்கை மாத்திச் சொருகினா போதும்," என்றாள் சந்தேகம். "நீங்க பதினொண்ணுக்குத் திரும்பி வரும்போது அசந்து தூங்கிட்டு இருந்தார். வலிப்பு வந்தது அவருக்கே ஞாபகமில்ல. இப்போ நல்லா இருக்கார்."

"பார்த்தவ அப்பவே எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று புரொபசர் கத்தினான்.

"எங்களுக்கு வச்ச திடீர் பரீட்சைன்னு நெனச்சேன் சார்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "நீங்க ட்யூட்டியில இருக்கீங்களான்னு கேட்க பதினொன்றரைக்கு நான் ஃபோன் பண்ணேன். எடுத்தது இவங்கதான். கேட்டதுக்கு மேலயே சொன்னாங்க! மாடி ஏறினதும் முதல் வேலையா இந்தப் பதிவை வேகமா ஓட்டிப் பார்த்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு சார் இத்தனை கேள்வி?"

"படுத்திருந்தது 'நானேதான்'னு உங்க வாயால சொல்ல வேணாமா? இந்த ரூம் கேமராவும் ஓடிட்டுத்தான் இருக்கு!"

விலங்கு கிளிக் என்றது.

கை தட்டிய நர்ஸ் பதறினாள். "சார், எங்க சர்டிபிகேட்ல இவர் கையெழுத்துப் போடணுமே!"

"இடது கையிலதாம்மா மாட்டியிருக்கேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "வலது கை சும்மாதான் இருக்கு... சட்டுன்னு வாங்கிக்குங்க!"