பின்பாட்டு

புள்ளலூர் திரௌபதி அம்மன் கோவிலில் அன்று படுகளம், துரியோதனன் விழும் நாள். காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கிய பிரபா, கூத்துக்காரர்கள் வேஷம் கட்டும் பழைய ரைஸ்மில் கிடங்குக்குள் நுழைந்தாள்.

உள்ளே சில்லென்றிருந்தது. உமி வாடையும் அரிதார வாடையும் கலந்து வீசின. அவற்றுக்கு அடியில் யாருடையதோ பழைய வியர்வை வாடை.

“வோணாம் பிரபா,” என்று கிசுகிசுத்தான் கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் ஜெகன். “வாத்தியார் தாண்டவராயன் சாவறப்ப இன்னா சொன்னாரு? பொம்பள தலையில துரியோதனன் கிரீடம் ஏற வுடமாட்டேன்னாரு. சுப்பிரமணிக்கும் தொண்ட கட்டிக்கீது.”

வேஷக்காரர் பாடும் அடியைப் பின்னால் நின்று திருப்பிப் பாடுகிறவன் சுப்பிரமணி. அன்று அவன் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

“பத்து வருசம் திரை புடிச்சிக்கினு நின்னவ நானு. இன்னிக்கி வுட்டா எந்தப் பொம்பளைக்கும் இந்த வேஷம் கெடைக்காது. கட்டு.”

கிரீடம் ஏறியதும் கழுத்து முன்னால் சாய்ந்தது. யாரோ உச்சியில் கை வைத்து அழுத்தினார்கள்.

பின்னால் யாருமில்லை.

செத்தும் விடாத பிடிவாதம்! பிரபா பல்லைக் கடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினாள்.

வாசலில் இரண்டு பேர் திரை பிடித்தார்கள். வெளியே ஜெகன் கேட்டான்: “யாருய்யா திரைக்குள்ள?”

பிரபா வாய் திறந்தாள்.

அதற்குள் ஓர் ஆண்குரல் அவளுடைய அடியைப் பாடிவிட்டது.

அவள் பிடரிக்குப் பின்னாலிருந்து.

நாடகப் பட்டறையில் கேட்டதெல்லாம் அவள் நினைவுக்கு ஓடிவந்தது. வெளிநாட்டு அரங்குகளில் ஆளில்லாத மேடையில் ‘பேய் விளக்கு’ என்று ஒன்றை எரியவிடுவார்களாம். ஜப்பானின் நோ நாடகத்தில் பல கதைகளுக்குப் பேயே நாயகனாம். நம் கூத்தில் பேய்க்கு எந்த இடம் என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

“யாருய்யா?” ஜெகனின் குரல் உடைந்தது.

அந்தக் குரல் இரண்டாவது அடிக்கு மூச்சிழுத்தது. காதில் குளிர் பட்டது.

பயத்தை மிஞ்சிக்கொண்டு கோபம் வந்தது பிரபாவுக்கு.

“யோவ் வாத்தியாரே,” என்றாள் திரும்பாமல். “வேஷம் என்னுது. பின்னாடி நிக்கிறவனுக்கு ஒரே வேலைதான். பின்பாட்டு. நான் பாடுனதுக்கப்பறம் பாடு.”

சலங்கைக் காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்துப் பாடினாள்.

பிறகு அதே அடி, பின்னாலிருந்து.

திரை விலகியது. விடாமல் ஆடித் தீர்த்தாள். துரியோதனன் விழுந்தபோது ஊரே எழுந்து நின்றது.

வேஷம் கலைக்கும்போது ஜெகன் வந்தான். முகம் வெளிறிக் கிடந்தது. “பின்பாட்டு யாரு பாடுனது?”

சுப்பிரமணி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தான்.

பிரபா கிரீடத்தைப் பெட்டியில் வைத்து மூடினாள். முதல் அடியை மெல்ல முணுமுணுத்தாள்.

மூடிய பெட்டிக்குள்ளிருந்து அதே அடி வந்தது. கொஞ்சம் சுருதி விலகியிருந்தது.

“அடுத்த கூத்து மாகறல்ல,” என்று பெட்டியைத் தட்டினாள் பிரபா. “சுருதி சேத்துக்கினு வா.”