சந்துக்குள் வந்த விண்வெளி நிலையம்

"இன்னைக்கு வருது! நம்ம தலைக்கு நேர் மேல வருது!"

பள்ளிக்கூடப் பையை நாற்காலியில் எறிந்துவிட்டு வீட்டுக்குள் ஓடி வந்தாள் பட்டாசு. பள்ளியில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் வாயைத் திறந்தால் படபடவென்று பொரிந்து தள்ளுவாள் என்பதால், அந்தக் குடியிருப்பில் இருக்கிற எல்லோருக்கும் அவள் பட்டாசுதான்.

"யாருடி வர்றாங்க? வீடு கிடக்குற கிடப்புல!" என்று பதறிப்போய்ச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார் அம்மா.

"விருந்தாளி இல்லம்மா, விண்வெளி நிலையம்! பூமியைச் சுத்திக்கிட்டே இருக்குமே, அது! உள்ள ஆளுங்க இருக்காங்க. இருட்டினதும் பெரிய நட்சத்திரம் மாதிரி போகுமாம். நைட் ஷிப்டுக்குப் போற வழியில அப்பா போன்ல பாத்துச் சொன்னார். இன்னைக்கு விட்டா, இவ்வளவு நல்லாத் தெரிய ரொம்ப நாள் ஆகுமாம். எல்லாரும் மொட்டை மாடிக்குப் போறோம்!"

மூச்சு வாங்க அவள் பேச்சை நிறுத்தியபோது, உள் அறையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நானும்!"

அது அவள் தம்பி உருண்டை. கட்டிலில் படுத்திருந்தான். வலது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. போன வாரம் பீரோ மேல் ஏறி நின்று, "ராக்கெட் கிளம்புது!" என்று கத்திவிட்டுக் குதித்தான். ராக்கெட் மேலே போகவில்லை.

"நீ அசையவே கூடாது. டாக்டர் என்ன சொன்னார்?" என்றார் அம்மா. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். டாக்டரே விட்டுக்கொடுத்தாலும் அம்மா விட்டுக்கொடுக்க மாட்டார்.

"என்னைத் தூக்கிட்டுப் போங்க!"

"அத்தனை படி ஏத்தித் தூக்கிட்டுப் போனா கால் ஆடும். எலும்பு கோணலா சேந்துடும். முடியவே முடியாதுடா கண்ணு."

உருண்டை அழவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அதுதான் பட்டாசுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

கட்டிலை ஒட்டித்தான் ஜன்னல். ஆனால் அவர்கள் வீடு தரைத்தளத்தில் இருந்தது. வெளியே ஒரு குறுகலான சந்து, அதைத் தாண்டினால் அடுத்த கட்டடத்தின் சுவர். படுத்த இடத்திலிருந்து பார்த்தால் சுவர் மட்டும்தான் தெரியும். பொழுது போகாமல், அந்தச் சுவரில் இருந்த விரிசல்களுக்கெல்லாம் உருண்டை பெயர்கூட வைத்திருந்தான்.

பட்டாசு ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்தி மேலே பார்த்தாள். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ரிப்பன் மாதிரி நீளமாக வானம் தெரிந்தது. தம்பி எழுந்து உட்கார முடிந்தால் போதும், அவனும் பார்க்கலாம். அதுதான் முடியாதே!

அப்போது யாரோ சந்துக்குள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெளிச்சம் ஒன்று பளிச்சென்று ஜன்னல் வழியாகப் புகுந்து, அறையின் கூரையில் ஓடி மறைந்தது.

"அக்கா, அது என்ன?"

"ஸ்கூட்டர் கண்ணாடிடா. வெயில் அதுல பட்டு..." பட்டாசு பாதியில் நிறுத்தினாள். அவள் பேச்சைப் பாதியில் நிறுத்துவது அபூர்வம். "டேய்! கண்ணாடியால வெயில் உள்ள வருதுன்னா, வானமும் வரும்ல!"

அம்மாவின் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சந்துக்கு ஓடினாள். ஜன்னலுக்கு வெளியே நின்று, கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தாள்.

"என்ன தெரியுது?"

"ஒரு துண்டு!"

"என்ன துண்டு? வானத்துத் துண்டா?"

"இல்ல, மாடியில காயப்போட்ட துண்டு!"

இன்னும் சாய்த்தாள். "இப்போ?"

"உன் மூக்கு!"

கண்ணாடி ரொம்பச் சிறியது. கை கொஞ்சம் ஆடினாலும் போச்சு. ஆனால் ஒரே ஒரு தடவை, "ஐ! நீலமா தெரியுது!" என்று உருண்டை கத்தினான். அது போதும் பட்டாசுக்கு.

குடியிருப்பின் முன்பக்கத்தில் ஒரு சலூன் இருந்தது. பட்டாசு உள்ளே பாய்ந்தபோது, சலூன் மாமா ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். அந்த ஆளுக்கு ஒரு கன்னம் வழவழவென்று இருந்தது. இன்னொரு கன்னம் முழுக்க நுரை.

"மாமா, பின்னந்தலையைக் காட்டுவீங்களே, அந்தப் பெரிய கண்ணாடி வேணும்!"

"ஏம்மா, யாருக்கு முடி வெட்டிவிட்ட?"

பட்டாசு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். விண்வெளி நிலையம், மாவுக்கட்டு, சுவர், துண்டு, மூக்கு. சலூன் மாமாவின் சவரக்கத்தி அந்தரத்திலேயே நின்றது.

"அதெல்லாம் வெறும் கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் நுரை மாமா.

"நல்லாத் தெரியும் மாமா!"

"அப்போ என் இன்னொரு கன்னம் காத்திருக்கட்டும். வாங்கய்யா போலாம்!"

இருட்டத் தொடங்கியது. குடியிருப்புப் பிள்ளைகள் தடதடவென்று மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. "பட்டாசு, வரலையா?" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் கால்கள் ஒரு நொடி படிக்கட்டுப் பக்கம் திரும்பின. பிறகு சந்துக்குள் ஓடின.

பெரிய கண்ணாடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே அம்மா உருண்டையின் தலைக்கு மட்டும் ஒரு தலையணை வைத்தார். அறை விளக்கு அணைந்தது.

"அக்கா, மஞ்சளா கண்ணு கூசுது! ஒண்ணும் தெரியல!"

சந்தின் விளக்கு! அது நேராகக் கண்ணாடியில் விழுந்தது. "மாமா, இதை அணைக்கணுமே!" என்று பட்டாசு அலறினாள்.

"சுவிட்ச் என் கடையிலதான் இருக்கு!" சலூன் மாமா செருப்பு கழல ஓடினார்.

விளக்கு அணைந்தது. அதே நேரத்தில் மொட்டை மாடியில் ஒரே கூச்சல். "அதோ! அதோ! வந்துடுச்சு!"

பட்டாசுக்கும் மேலே பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் தலையைத் தூக்கினால் கை ஆடும். ஜன்னலுக்குள் தெரிந்த தம்பியின் கையை மட்டும் பார்த்தாள்.

"இல்ல... இல்லக்கா... கொஞ்சம் இந்தப் பக்கம்..." உருண்டையின் விரல் இருட்டில் அசைந்தது. "இன்னும் கொஞ்சம்... ஆ!"

"என்னடா?"

"வந்துடுச்சு! அக்கா, வந்துடுச்சு! எவ்வளவு வெளிச்சம்! மின்னவே இல்ல, சும்மா வழுக்கிட்டுப் போகுது! அம்மா, பாருங்க, பாருங்க!"

"அடேயப்பா!" என்றார் அம்மா. அவர் குரலும் சின்னப் பிள்ளையின் குரல்போல் மாறியிருந்தது. சந்தில் அண்ணாந்து நின்ற நுரை மாமா வாயை மூடவே இல்லை. நுரை வழிந்து சட்டையில் சொட்டியது.

பட்டாசு கண்ணாடியை மெல்ல மெல்லத் திருப்பினாள். தம்பியின் விரல் போகும் திசையிலேயே அவள் கைகளும் போயின.

"அக்கா, நீ பாத்தியா?"

"நான் அப்புறம் பாத்துக்கறேன்டா."

"அப்புறம் எங்க இருக்கும்? அது போயிடும்! இப்பவே பாரு!"

திரும்பி வந்திருந்த சலூன் மாமா அவளுக்குப் பின்னால் வந்து, கண்ணாடியின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டார். அது துளிகூட ஆடவில்லை.

"நான் பிடிச்சுக்கறேன். நீ பாரும்மா."

பட்டாசு தலையைத் தூக்கினாள்.

ரிப்பன் வானத்தின் கோடியில், அவள் பார்த்த எந்த நட்சத்திரத்தையும்விடப் பிரகாசமாக அது போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. அதற்குள்ளும் ஆட்கள் பேசிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, ஒருவேளை கீழே எட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பட்டாசு அண்ணாந்தபடியே கையை ஆட்டினாள். அது மெல்ல மங்கியது. அப்புறம் காணவில்லை.

சற்று நேரத்தில் மாடியிலிருந்து பிள்ளைகள் திமுதிமுவென்று இறங்கி வந்தார்கள். "ஐயோ பட்டாசு, நீ பாக்கலையே!"

"பாத்தோமே!" என்று உள்ளேயிருந்து கத்தினான் உருண்டை. "நான் படுத்துக்கிட்டே பாத்தேன்! அது எங்க வீட்டு ஜன்னலுக்கே வந்துச்சு!"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "படுத்துக்கிட்டேவா?" அத்தனை பேரும் ஜன்னலை முட்டி மோதிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

விண்வெளி நிலையம் அடுத்த முறை தலைக்கு நேராக வந்தபோது, உருண்டையின் கட்டைப் பிரித்திருந்தார்கள். அன்று மாலை அவன் மாடிக்குப் போகவில்லை. சலூனுக்கு நொண்டி நொண்டிப் போய், கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்தான்.

"அக்கா, நீ கட்டில்ல படு. இன்னைக்கு நான்தான் பிடிப்பேன்."

"நான் மாடியிலேயே பாத்துப்பேன்டா."

"படுக்கா!"

பட்டாசு படுத்துக்கொண்டாள். சந்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான் உருண்டை. பிடித்தவன் சும்மா இருந்தானா? கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே அடிக்கடி அண்ணாந்து வானத்தையும் பார்த்தான். அதனால் பட்டாசின் கண்ணுக்கு மட்டும் அன்று விண்வெளி நிலையம் தவளைபோல் குதித்துக் குதித்துப் போனது.

"நல்லாத் தெரியுதாக்கா?"

"சூப்பராத் தெரியுதுடா!" என்று படுத்தபடியே கத்தினாள் பட்டாசு.